ராவுத்தர் காரும் பத்தாவது ஏழையும்

வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்கில் சடையப்பன் தன் ஒற்றை மாட்டு வண்டியை மலாக்கா காஜா பேராங்கில் ஷரீஃபுதீன் ராவுத்தர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். ஏற்றுவதற்குச் சரக்கு ஒன்றும் இருக்காது. வண்டியின் பின்சட்டத்தில் தாம்புக்கயிற்றைக் கட்டி, மறுமுனையை ராவுத்தருடைய மோட்டார் காரின் முன் அச்சில் முடிச்சுப் போடுவான். ராவுத்தர் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக வெளியே வருவார். கார்க்கதவைத் தூக்கித்தான் திறக்கவேண்டும், கீல் போய் நாளாகிவிட்டது. உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போகலாம் என்று தலையை ஆட்டுவார். மாடு நடக்கும். வண்டி போகும். வண்டிக்குப் பின்னால் கார் போகும். குறுக்கே சைக்கிள் வந்தால் ராவுத்தர் ரப்பர் குமிழை அமுக்கி ஹாரன் அடிப்பார். அந்தக் காரில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

இப்படி ஒன்றரை மைல் போய், நகரத்துப் பள்ளிவாசல் வாசலில் இறங்கி, ராவுத்தர் ஜும்ஆத் தொழுகைக்கு உள்ளே போவார். இரண்டு வருஷமாக இது நடந்தது.

காரணம் ஒரு நேர்ச்சை. கார் புதிதாக இருந்த காலத்தில் ராவுத்தரின் மகள் பஷீராவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பதினேழு நாள் கண் திறக்காமல் கிடந்த பெண் பதினெட்டாம் நாள் எழுந்து கஞ்சி கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் ராவுத்தர் பள்ளிவாசல் முற்றத்தில் ஐந்து பேர் காதுபட ஒன்று சொல்லிவிட்டார். இந்தக் கார் பள்ளிவாசல் வந்து சேர்கிற காலம் மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதில்தான் வருவேன், வேறு காரில் கால் வைக்கமாட்டேன் என்றார். அன்று காருக்குப் பளபளப்பு இருந்தது. பளபளப்பான பொருள்மேல் யாரும் எதையும் நேர்ந்துகொள்ளலாம்.

ஏழு வருஷம் கழித்து எஞ்சினில் வெடிப்பு விழுந்து ஒரு வெள்ளிக்கிழமை கார் நடுவழியில் நின்றது. அன்றைக்கே பேசாமல் இறங்கி நடந்து போயிருந்தால் நேர்ச்சை தானாக முடிந்திருக்கும். ஆனால் ராவுத்தர் பதறிப்போனார். பின்னால் வெறும் வண்டியோடு வந்துகொண்டிருந்த சடையப்பனைக் கைதட்டிக் கூப்பிட்டு, கயிறு இருக்கிறதா என்று கேட்டவர் அவர்தான். புதுக் கார் வாங்கலாமே என்கிற யோசனை அவருக்கு மறுவாரம்தான் வந்தது. அதற்குள் கார் பள்ளிவாசல் சேர்ந்துவிட்டிருந்தது. மறுவாரமும் சேர்ந்தது.

சடையப்பனுக்கு அப்போது வயது ஐம்பது. குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வருஷம் மண்வெட்டி பிடித்து, கங்காணியின் வசவும் அட்டைக்கடியும் வாங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இந்த மாட்டையும் வண்டியையும் வாங்கி வெளியே வந்தவன். மாட்டுக்குத் துரை என்று பேர் வைத்திருந்தான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது துரையை நட என்று சொல்ல ஆசை, அவ்வளவுதான். ஆனால் அவன் வண்டி வாங்கிய நேரம் பார்த்து ஊருக்குள் லாரிகள் பெருகின. ரப்பர் ஷீட்டு லாரியில் போயிற்று, அரிசி லாரியில் போயிற்று. மிச்சம் இருந்தது ராவுத்தரின் ஜவுளிக்கட்டு மட்டும். ஆற்றுத் துறையிலிருந்து அவர் ஜவுளிக்கடைக்கு வாரத்தில் ஐந்து நாள் அதைச் சுமப்பான். அதுவும் வெள்ளிக்கிழமை காரை இழுப்பவன் என்பதால் கிடைத்த வேலை. கார் விற்பவன் ராவுத்தரிடம் புதுக் காரோடு ஒரு சின்ன லாரியும் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். ஆகவே புதுக் கார் வந்தால் லாரி வரும், லாரி வந்தால் ஜவுளிக்கட்டு போகும், ஜவுளிக்கட்டு போனால் துரை கசாப்புக்குப் போகும், சடையப்பன் தோட்டத்துக் கூலிகளின் லயத்துக்குத் திரும்பிப் போவான். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி மண்வெட்டி. அதை நினைத்தாலே அவனுக்கு முதுகு வலித்தது.

ராவுத்தருக்கு இருந்தது வேறு வலி. காரை ரிப்பேர் செய்வதா, வேறு வாங்குவதா என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். சீன மெக்கானிக் ஆ ஹோக், சிங்கப்பூரிலிருந்து எஞ்சின் தருவித்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று சத்தியம் செய்தான். ராவுத்தர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரிப்பேர் செய்தால் ஓடும், ஓடினால் பள்ளிவாசல் சேரும், சேர்ந்தால் இன்னும் பத்து வருஷம் வேறு காரில் கால் வைக்க முடியாது. ஆகவே ரிப்பேர் கூடாது. ரிப்பேர் செய்யாவிட்டாலும் மாடு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறது. ஆகவே புதுசும் வாங்க முடியாது. நகரத்துக் கடையில் பச்சைப் பெயிண்டு அடித்த கார் ஒன்று வந்து நின்றபிறகு, ராவுத்தர் தினமும் எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். கால் வைக்கமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். கண் வைப்பதற்கு அதில் தடை ஒன்றும் இல்லை.

சடையப்பனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டும் பார்த்தார். சடையப்பன் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான், காதில் விழுந்தது.

"நீங்களா நிறுத்தினா நீங்க முறிச்சதா ஆவும் ராவுத்தரே," என்றார் லெப்பை. "அதுவா நின்னுச்சுன்னா அதுவா முடிஞ்சதா ஆவும்."

அன்று முதல் ராவுத்தர் அதுவாக நிற்பதற்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் காரில் உட்கார்ந்து, மாடு இருமுகிறதா, கயிறு இழைகிறதா என்று முன்னால் எட்டி எட்டிப் பார்த்தார். சடையப்பனும் அதையேதான் பார்த்தான். இரண்டு பேரும் பார்த்தது ஒன்றே, வேண்டிக்கொண்டதுதான் வேறுவேறு. சடையப்பன் மாதம் ஒரு கயிறு மாற்றினான், லாடத்தை முந்தின நாளே சோதித்தான், துரைக்குச் சளி பிடித்தால் தன் சாக்கை அதற்குப் போர்த்திவிட்டுத் தான் வெறும் உடம்போடு படுத்தான்.

ராவுத்தரின் மனைவி ஹஸீனா பீவிக்குப் பொறுமை குறைவு. தெருவில் மற்றப் பெண்கள் காரில் போக, தான் மாட்டுக்குப் பின்னால் போவதா என்று அவர் இரண்டு வருஷமாகக் காரில் ஏறவே இல்லை. அவர் ஒருநாள் சடையப்பனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, தைப்பூசம் தேரோட்டம் என்று ஒன்றும் உனக்குக் கிடையாதா, இரண்டு மூன்று வாரம் எங்காவது போய்விட்டு வரக்கூடாதா என்று இதமாகக் கேட்டார்.

"எல்லாம் இருக்கும்மா," என்றான் சடையப்பன். "ஆனா ஒண்ணும் வெள்ளிக்கிழம வரமாட்டேங்குது."

பீவி அவனை அனுப்பிவிட்டார். ஆனால் அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் துரைக்கு ஒரு வாளி நிறையத் தீனி வந்தது. அரிசிக் கஞ்சி, தவிடு, கொட்டை நீக்கின பலாச்சுளை, மேலே ஒரு உருண்டை மலாக்கா வெல்லம். வாயில்லாச் சீவன் பாவம் என்று பீவி சொல்லியனுப்பியிருந்தார். சடையப்பனுக்கு விஷயம் விளங்காமல் இல்லை. வாளியைக் கவிழ்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் மாட்டுக்கு ஒருவேளைத் தீனி மிச்சமாகிறது என்று தெரிந்தபிறகு வாளியைக் கவிழ்க்கிற வண்டிக்காரன் மலாக்காவில் அப்போது ஒருவனும் இல்லை. பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியை எடுத்து வைக்கலாம் என்று யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் துரை வாளியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளிவாசல் வழியிலிருந்த கல்மதகின் ஏற்றத்தில் துரை படுத்துவிட்டது. விழவில்லை, வழுக்கவில்லை. முன்காலை மடக்கி, பின்காலை மடக்கி, நுகத்தைக் கழுத்தில் வைத்துக்கொண்டே மத்தியான வெயிலில் அசைபோட ஆரம்பித்தது. சடையப்பன் தட்டிப் பார்த்தான், வாலை முறுக்கினான், அம்மா ஐயா என்று கெஞ்சினான். துரை ஒரு ஏப்பம் விட்டது. அதில் பலாப்பழ வாசனை வந்தது.

சடையப்பன் திரும்பிக் காரைப் பார்த்தான். ராவுத்தர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தார். முகத்தில் சாந்தம். பிள்ளை பிழைத்த அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இருந்திருக்காது. கதவைத் தூக்குவதற்குக் கை வைத்துவிட்டார். இறங்கிவிட்டால் முடிந்தது.

சடையப்பன் பின்சட்டத்துக்கு ஓடினான். கயிற்றை வண்டியிலிருந்து அவிழ்த்து, வண்டிக்குப் பக்கமாக வந்து தன் தோளில் போட்டுக் குனிந்து இழுத்தான். கார் அசையவில்லை. கால் சரளையில் வழுக்கியது, முழங்கால் தேய்ந்தது, மறுபடி எழுந்து இழுத்தான். தோட்டத்தில் விழுந்த மரத்தை இழுத்த தோள் அது, ஆனால் அப்போது அதற்கு வயது இருபத்தைந்து. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டான்.

பக்கத்துச் சிட்டி வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிட்டி ஜனங்கள் தமிழர் வம்சம், அம்மன் கோயில் கும்பிடுகிறவர்கள், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். அவர்களில் சின்னப்பா என்கிற தாட்டியான மனிதர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினார். ராவுத்தரின் நேர்ச்சை அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. ஒரு மனிதன் கடவுளிடம் கொடுத்த வாக்குத் தங்கள் தெருவில் முறியக்கூடாது என்று அவர்களுக்கு ஒரு ரோஷம். அதோடு கயிறு, கயிற்றின் நுனியில் நகராத ஒரு வாகனம் என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர் இழுத்துப் பழகிய கை. பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று வடம் பிடிப்பதுபோலக் கயிற்றைப் பிடித்தார்கள். ஒரு அம்மாள் ஓடிவந்து பானட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

இழுக்கும்போது தானாக இறங்கினால் முறித்ததாகிவிடுமே என்று ராவுத்தர் உள்ளிருந்தபடியே, உங்களுக்கு எதற்குச் சிரமம், விட்டுவிடுங்கள் என்று மலாயில் மன்றாடினார். அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாக இழுத்தார்கள்.

"தாரேக்," என்றார் சின்னப்பா. இழு என்று அர்த்தம். எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள்.

சக்கரம் உருண்ட சத்தம் கேட்டது, கூடவே ஒரு பெரிய முறிவுச் சத்தமும். இழுப்பவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. இறக்கம் வேறு வந்துவிட்டது, கார் திடீரென்று லேசாகவும் ஆகிவிட்டது. அம்மன் அருள் என்று அவர்கள் ஓடினார்கள். முதல் ஆளாகத் தோளில் கயிற்றோடு சடையப்பன் ஓடினான். பள்ளிவாசல் வாசலில் மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு முன்சக்கரம், எஞ்சின், ஸ்டியரிங், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராவுத்தர், அவ்வளவுதான் வந்திருந்தது. அவருக்குப் பின்னால் தெரு தெரிந்தது. துருப்பிடித்த அடிச்சட்டம் நடுவில் முறிந்து, பின்பாதிக் கார் மதகின்மேல் மாட்டோடு நின்றுவிட்டிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ராவுத்தர் காலை உதறி இறங்கி, கார் வந்து சேரவில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். சடையப்பன் சேர்ந்துவிட்டது என்றான். முன்னால் போவதுதானே சேர்வது, யாராவது காரைப் பின்பக்கத்திலிருந்து கணக்குப் பார்ப்பார்களா என்று அவன் நியாயம் கேட்டான். சின்னப்பா, வேண்டுமானால் மீதியையும் போய்த் தூக்கி வருகிறோம் என்றார். வேலைவெட்டி இல்லாமல் பின்னாலேயே ஓடிவந்திருந்த ஆ ஹோக், இரண்டையும் கொடுத்தால் ஒட்ட வைத்துத் தருகிறேன், "போலே, போலே," முடியும் என்று தட்டிக்கொடுத்தான். ராவுத்தர் அவனைக் கொன்றுவிடுவதுபோலப் பார்த்தார்.

முதலில் தொழுகை என்றார் லெப்பை. தொழுகை முடிந்து வந்து, பாதிக் காரைச் சுற்றிப் பார்த்தார். பாதி சேர்ந்தது, பாதி சேரவில்லை, எனக்கு விளங்கவில்லை, சந்தேகத்தில் இருப்பதைவிடப் பரிகாரம் செய்துவிடலாம் என்றார். நேர்ச்சையை நிறைவேற்ற முடியாதவர் பத்து ஏழைகளுக்கு வயிறார ஒருவேளைச் சோறு போட்டால் தீர்ந்தது.

ராவுத்தர் லெப்பையின் பக்கம் திரும்பினார். "பத்துப் பேருக்குச் சோறா ஹஜ்ரத்து? இத மொதல்லயே சொல்லக்கூடாதா? ரெண்டு வருசமா மாட்டுக்குப் பின்னாலல்ல வந்துக்கிட்டிருக்கேன்."

"முறிக்காம எப்படித் தப்பிக்கிறதுன்னுதானே கேட்டீங்க," என்றார் லெப்பை. "முறிச்சா என்ன செய்யுறதுன்னு நீங்க கேக்கலியே."

சடையப்பன் கயிற்றைச் சுருட்டினான். இரண்டு வருஷமாகத் தன்னைத் தோட்டத்துக்குப் போகாமல் காத்தது கடவுளுமில்லை, காருமில்லை, இந்த மனிதருக்கு ஏழைகளுக்குச் சோறு போடுகிற யோசனை ஒரு நாளும் வராததுதான் என்று அவனுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. விறகும் அண்டாவும் ஏற்றிவர ராவுத்தர் சடையப்பனையே அழைத்திருந்தார். தன் வேலைக்குத் தானே பாடை சுமந்தமாதிரி அவன் இறக்கி வைத்தான். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் தெருமுனைவரை மணத்தது. கேட்டுக்கு வெளியே பச்சைக் கார் வந்து நின்றது. ராவுத்தர் கார் விற்பவனை ஒரு மணிக்கே வரச்சொல்லியிருந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான். பத்து ஏழை சாப்பிட்டு எழுந்த மறுநிமிஷம் கால் வைத்துவிடவேண்டும் என்று ராவுத்தருக்குத் தவிப்பு.

பாயில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிவாசல் படியில் இருப்பவர்கள் ஆறு பேர், சந்தையில் கூடை சுமப்பவர்கள் மூன்று பேர். பத்தாவதாக வரவேண்டிய, கிளேபாங் ஊர்க் கிழவர் வரவில்லை. அவருக்கு அன்று வேறொரு கல்யாண வீட்டில் சாப்பாடு கிடைத்துவிட்டதாம். ராவுத்தர் காஜா பேராங் முழுக்க ஆள் விட்டுப் பார்த்தார். தெருவில் ஒருவரும் ஏழை என்று ஒப்புக்கொண்டு வரத் தயாராக இல்லை. வாடகை பாக்கி வைத்தவன்கூடச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பாயிலிருந்த கூடைக்காரன் ஒருவன், நானே இரண்டு ஆள் சோறு சாப்பிடுகிறேன், இரண்டு தலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றான். லெப்பை ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குக் கூட ஒருவருக்குப் போடலாமே, அவசரம் என்ன என்றார். ராவுத்தர் கேட்டுக்கு வெளியே பார்த்தார். பச்சைக் கார் வெயிலில் மின்னியது.

அப்போதுதான் அவர் கண்ணில் சடையப்பன் பட்டான். மாட்டுக்குப் பக்கத்தில் அண்டா மூடியை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருந்தான்.

"சடையப்பா, கையக் கழுவிட்டு வந்து உக்காரு."

"நான் எதுக்கு மொதலாளி?"

"ஏழைக்குத்தாம்ப்பா சாப்பாடு."

சடையப்பன் விசிறுவதை நிறுத்தினான். "நான் ஏழ இல்லியே மொதலாளி. மாடு இருக்கு, வண்டி இருக்கு, வாரத்துல ஆறு நாளு ஒங்ககிட்ட வேல இருக்கு. பொய் சொல்லிக் குந்தினா ஒங்களுக்கில்ல பாவம்?"

"அந்த வேலதான் இன்னையோட முடியுதே."

"முடியட்டும். நீங்க புதுக் கார்ல ஏறுங்க. ஏறின ஒடனே நான் ஏழ ஆயிருவேன். அப்ப கூப்புடுங்க, வந்து சாப்பிடுறேன்."

"பத்துப் பேரு சாப்பிடாம நான் எப்படிப்பா ஏறுறது?"

"நீங்க ஏறாம நான் எப்படி மொதலாளி ஏழ ஆவுறது?"

ராவுத்தர் லெப்பையைப் பார்த்தார். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, அவன் சொல்வதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை என்றார். ஒன்பது பேரும் கை கழுவிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. ஒருவர், சோறு ஆறுகிறது என்று மெதுவாகச் சொன்னார். உள்ளேயிருந்து ஹஸீனா பீவி, அந்த வண்டிக்காரன் என்னதான் கேட்கிறான், கொடுத்துத் தொலையுங்கள் என்று கத்தினார். வெளியே கார் விற்பவன் சும்மா இருக்கமுடியாமல் ஹாரன் அடித்துக் காட்டினான். அது ரப்பர் குமிழ் சத்தம் இல்லை, கப்பல் சத்தம்மாதிரி இருந்தது. ராவுத்தருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"சரிப்பா," என்றார். "ஒன் வேல போகாது. போதுமா? புதுக் காரு வந்தாலும் வெள்ளிக்கிழம நீதான் இழுக்கற."

"ஜவுளிக்கட்டு?"

"லாரி எடுக்கல. கட்டும் ஒனக்குத்தான்."

"வாய்ச்சொல்லு மொதலாளி. நாளைக்கு மறந்துபோவும்."

லெப்பைக்கு அடுத்த நேர்ச்சை வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. அவர் பாயிலிருந்து எழுந்து, ராவுத்தரே, வேண்டாம் என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். ஆனால் அவருக்கு முழங்கால் வாதம், வேகம் போதவில்லை. ராவுத்தர் வலது கையை நெஞ்சில் வைத்து, பதினோரு பேர் காதுபட, இந்த மாட்டுக்கு நடக்கத் தெம்பு இருக்கிற காலம் மட்டும் என் கார் வெள்ளிக்கிழமை இதன் பின்னால்தான் பள்ளிவாசல் போகும், என் சரக்கு இதன் வண்டியில்தான் வரும் என்று சொல்லி முடித்துவிட்டார். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. பீவியின் கையிலிருந்ததாக இருக்கவேண்டும். லெப்பை தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

துரைக்கு வயது ஏழுதான். இன்னும் பத்து வருஷத்துக்குக் குறையாமல் நடக்கும்.

சடையப்பன் அண்டா மூடியைக் கீழே வைத்தான். வாய்க்காலில் கை கழுவி, கால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து பாயின் கடைசியில் உட்கார்ந்தான். அப்போது வேலை உண்டு, வண்டி உண்டு, பத்து வருஷத்துக்குப் பயமில்லை, மலாக்காவிலேயே அவனைவிடப் பத்திரமான கூலிக்காரன் யாரும் இல்லை. லெப்பை வாயைத் திறந்தார், இப்போது இவன் ஏழையா என்று கேட்கப்போனார். கூடைக்காரர்கள் மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

இலையில் சோறு விழுந்தது.

"ஆட்டுக்கறிதானே?" என்று சடையப்பன் கேட்டான்.

ஆடுதான் என்றார்கள். ராவுத்தர் இடுப்பில் கை வைத்து அவனெதிரில் நின்று, ஒவ்வொரு கவளமும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுப் பக்கம் ஒரு கால் திரும்பியே இருந்தது. சடையப்பன் அவசரப்படவில்லை. எலும்பை உறிஞ்சினான், ஓரத்தில் வைத்தான், தண்ணீர் குடித்தான். ஏழை என்று தெரு பார்க்க உட்கார வைத்தாகிவிட்டது, இனி இரண்டாம் தடவை சோறு கேட்பதற்கு வெட்கம் எதற்கு என்று நினைத்து, இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினான்.